மார்கழியில் அசையாத கல்

என் கிணற்றடியில் கிடக்கும் துவைகல், ஒரு காலத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்ட நிலைப்படி. இன்று அதன்மேல்தான் என் அழுக்கு வேட்டியை அடித்துத் துவைக்கிறேன். பாவம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் கடைசியில், திருவள்ளூரில் வௌவால் அடைந்து கிடந்த பழைய சத்திரம் ஒன்றை, நாதியற்ற முதியவர்கள் தங்கும் இல்லமாகச் செப்பனிட்டோம். நான்தான் மேஸ்திரி. சுண்ணாம்பு அரைத்துச் சுவர் பூசினோம். நடை நெடுகக் கைப்பிடிக் கம்பி வைத்தோம். தெருப்படிகளை உடைத்துச் சரிவாக்கினோம். வாசலில் ஒரு சாண் உயரம் நின்ற நிலைப்படிதான் பாக்கி. கடப்பாரையை எடுத்ததும் சத்திரத்துத் தர்மகர்த்தா ஓடி வந்தார். "மார்கழில நிலைய அசைப்பாங்களா? தை பொறக்கட்டும்டா!" ஆனால் முதியவர்களைக் குடிவைக்க மட்டும் அவருக்கு அதே மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசியே வேண்டியிருந்தது. நாலு பேர் பார்த்துப் புகழ வேண்டுமே!

முதலில் வந்தவள் என் அத்தை. அந்தச் சத்திரத்திலேயே முப்பது வருஷம் சமைத்தவள். கை கொடுக்கப் போனேன். "தள்ளுடா. இன்னா, இந்தக் கல்லு எனக்குப் புதுசா?" என்று தடியை ஊன்றினாள். கால் எழும்பவில்லை; கல்லில் தடுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்தது. பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். தை பிறந்ததும் கல்லை எடுக்கப் போனேன். "சாவு உழுந்த எடத்தத் தோண்டாத" என்று தர்மகர்த்தா என்னை வெளியே அனுப்பினார். அன்று வயிறு எரிந்தது, இன்னும் அணையவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து அவர் இடுப்பும் முறிந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் வேலை பார்த்த மகன்கள் அவரை அதே இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். தூக்கினால் அலறினார். சக்கர நாற்காலி கல்லைத் தாண்டவில்லை. எனக்கு ஆள் விட்டார்கள். போனேன்.

"கல்ல எடுத்துடுடா, மேஸ்திரி" என்றார்.

"மார்கழியாச்சே சாமி. தை பொறக்கட்டும்."

மார்கழியில் நிலையில் கைவைக்க வேறு யாரும் துணியவில்லை. பன்னிரண்டு நாள் முகப்பு மண்டபத்துப் பனியில் கிடந்தார். அவர் இருமலைக் கேட்கவே தினமும் அந்தத் தெரு வழியாகப் போனேன். தை முதல் நாள் கல்லைப் பெயர்த்தேன். கூலி வேண்டாம், கல் போதும் என்றேன். நாற்காலி சத்தமில்லாமல் உள்ளே உருண்டது.

"மனசு ஆறிச்சாடா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

இன்றும் இல்லை. அத்தையின் புடவை ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வாளியில் அலசிக் காயப்போடுகிறேன். அதை மட்டும் அந்தக் கல்லில் வைப்பதில்லை.