வடக்கே நகர்ந்த ஜாடி

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் சாம்பார் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கணவரின் விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக் கூடாது, படிக்கலாம். ஆனால் மேலே படிக்க ஒரு புரொபசராவது என்னை நம்ப வேண்டும். அந்த வருடக் கொலுவில் அதற்கு வழி பிறந்துவிட்டதாக நினைத்தேன்.

கொலுப் படிகளுக்குக் கீழே எல்லோரும் கடுகு முளைக்கவிட்டுப் பார்க் கட்டுவார்கள். எனக்குக் கடுகு போதவில்லை, அவ்வளவு கொழுப்பு. நீச்சல்குளச் சாமான் கடையில் கால்சியம் உப்பு வாங்கினேன். ஜெலட்டின் எலும்பிலிருந்து வருகிறதே என்று ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் சைனா கிராஸ் என்கிற கடல்பாசி வாங்கிக் காய்ச்சி, உப்பைக் கலந்து, கண்ணாடி ஜாடியின் அடியில் உறையவிட்டேன். அதன்மேல், பெயின்ட் அடிக்கும் முன் சுவர் கழுவுகிற பாஸ்பேட் பொடியைக் கரைத்து ஊற்றினேன். ஜெல்லிலிருந்து கசிந்த கால்சியம் பாஸ்பேட்டைத் தொட்ட இடத்திலேயே கல்லாகி, சேமியா கனத்தில், உள்ளே துளையோடு வெள்ளைக் குழாய்கள் தாமாகவே எழும்பின.

சுண்டல் வாங்க வந்த ஓர் ஆன்ட்டி அதைப் பார்த்து அதிசயித்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் கணவர் கெமிஸ்ட்ரி புரொபசர். விஜயதசமிக்கு மறுநாள் ஜாடியைப் பார்க்க வருவதாக அவரே போன் செய்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விஜயதசமியன்று ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, கொலு முடிந்ததற்கு அடையாளமாக, வழக்கப்படி கலசத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்தினேன். கொலுவில் வைத்ததெல்லாம் கொலுதானே, கை அது பாட்டுக்கு ஜாடியையும் வடக்கே நகர்த்திவிட்டது. சின்ன அசைவுதான். அத்தனை குழாயும் பொடிந்து விழுந்தன. ஆறு வயது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆன்ட்டியோடு வந்த புரொபசர் அங்கிள் குனிந்து பார்த்தபோது, ஜாடியில் தண்ணீர் விட்ட தயிர் மாதிரி ஏதோ கிடந்தது.

“என்னம்மா, யாராவது ஷேக் பண்ணிட்டீங்களா?”

அசைத்தால் உடையும் என்று தெரிந்தவள், சாஸ்திரத்துக்காக நகர்த்தினேன் என்று ஒரு விஞ்ஞானியிடம் எந்த முகத்தோடு சொல்வது? வெட்கத்தில் காது வரை எரிந்தது.

“ஐ டிட் இட், அங்கிள். சாரி,” என்றாள் மகள்.

அவர் அவள் தலையைத் தடவி, குழந்தை இருக்கிற வீடு என்றால் அப்படித்தான் என்றார். அப்புறம் என்ன உப்பு, ஜெல் எவ்வளவு கெட்டி என்று விசாரித்தார். நான் எதையோ உளறினேன். அவள் பக்கம் திரும்பவே கூசியது.

கிளம்பும்போது ஆன்ட்டி குங்குமம் எடுத்துக்கொண்டே கொலுவைப் பார்த்தார்.

“கலசம் நகர்த்தியாச்சு போல. எங்க வீட்ல இவர்தான் நகர்த்துவாரு. நான் பண்ணா இவருக்குத் திருப்தியே இல்ல.”

அங்கிள் சிரித்தபடி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயில் வருவதெல்லாம் இங்கிலீஷ்தான். காதில் விழுகிற தமிழ் ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரியும்.