காரம் மட்டும் தெரிந்த நாக்கு

முகப்பேரில் இருக்கிற அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மகள்தான் ஒரே பிடிவாதம். ஐடி வேலைக்குப் போகிறவள். அவள் ஆபீஸ் கும்பலெல்லாம் அங்கேதான் போகிறதாம். "அப்பாவுக்கு ருசி திரும்பிடுச்சேம்மா, கொண்டாட வேணாமா?" என்று கேட்டபிறகு நான் என்ன பேச முடியும்? ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினோம்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்று வந்து கரண்ட் வைத்தார்கள், அதான் ரேடியேஷன். கட்டி போயிற்று, கூடவே நாக்கில் ருசியும் போயிற்று. சோறு மண்ணு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் வேண்டாத சாமியில்லை.

எங்கள் வீட்டில் உப்பு பார்ப்பது அவர் வேலை. சமைக்கிறவள் வாயில் வைத்தால் எச்சில் என்று என் மாமியார் போட்ட சட்டம். அவர்தான் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துச் சொல்வார். கரண்ட் வைத்தபிறகு அதுவும் நின்றது. அப்புறம் ஒரு நாள் தானாக அடுப்படிக்கு வந்து, ரசத்தை நக்கிவிட்டு, "உப்பு ஒரு சிட்டிகை போடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வந்து சொன்னார். சில நாள் குழம்பு கரித்தது. என் கைதான் கனத்துப்போச்சு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடையில் நாமே கிண்ணம் எடுத்து, காளான், கீரை, மீன் உருண்டை, நூடுல்ஸ் என்று வேண்டியதை இடுக்கியால் அள்ளிப் போட்டுக் கொடுக்க வேண்டும். எடை போட்டு, காரக் குழம்பில் வேகவைத்துத் தருவார்கள். "நாத்தம் குடலைப் புரட்டுது. இதை வீட்லயே ஆக்கித் தொலைக்கலாமே" என்றேன். மகள் முறைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். காரம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "இருக்கறதுலயே ஜாஸ்தி" என்றார். "வாய் வெந்து கெடக்கு, இது தேவையா உங்களுக்கு?" என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

கிண்ணங்கள் வந்த நேரம் மகளுக்கு ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே வெளியே போனாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். ஓரமாக சாஸ் வரிசை இருந்தது. பெயர் படிக்கக் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. எங்கள் தெரு ஃபிரைட் ரைஸ் வண்டியில் கருப்பாக இருந்தால் சோயா சாஸ், உப்பாக இருக்கும். வினிகர் தண்ணி மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்தக் கணக்கில் கருப்பை ஒரு கரண்டி எடுத்துவந்து ஊற்றிக் கலக்கினேன். அவர் உறிஞ்சினார். நெற்றி வியர்த்தது.

"ம்... இப்ப உப்பு சரியா இருக்கு."

சந்தோஷத்தில் நானும் ஒரு வாய் குடித்தேன். பல் கூசிற்று. அப்படி ஒரு புளிப்பு. சீனாக்காரர்களின் கருப்பு வினிகர் அது. நாக்கு இருக்கிற எவனும் அதை உப்பு என்று சொல்ல மாட்டான்.

"அடப்பாவி மனுஷா, இது வினிகருங்க" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப வீட்ல தெனமும் உப்பு சொன்னீங்களே, அதெல்லாம்?"

"சரி சரின்னே சொன்னா நீ நம்புவியா? அதான் நடுநடுவுல கம்மின்னு சொன்னேன்."

"எதுக்கு இந்த நாடகம்?"

"நான் சாப்பிடலன்னு நீயும் சாப்பிடாம கெடந்தியே."

"இங்க மட்டும் எதுக்கு வந்தீங்க?"

"காரம் எரியுதுடி. அது மட்டும் தெரியுது. ஏதோ ஒண்ணாவது தெரியுதேன்னு வந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கிண்ணத்தை அங்கேயே கவிழ்த்திருப்பேன். அவர் மேல் ஆத்திரமா, வேண்டிய சாமிகள் மேலா, தெரியவில்லை. அதற்குள் மகள் வந்து உட்கார்ந்தாள். "எப்படிப்பா இருக்கு?" என்று அவர் கிண்ணத்துக்குக் கரண்டியை நீட்டினாள். நான் கிண்ணத்தை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன்னுதைச் சாப்பிடு. இது எனக்கும் அப்பாவுக்கும்."

"நாத்தம்னு சொன்ன ஆளைப் பாரு!" என்று சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

அந்தப் புளிப்பை நான் குடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் என் பக்கம் சாய்ந்து, "எப்படி இருக்கு, சொல்லேன்" என்றார். கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

"புளிப்பு தூக்கலா இருக்கு" என்றேன். "பூண்டு நல்லாத் தெரியுது. காளான் கறி மாதிரி இருக்கு. குடிச்சு முடிச்சதும் லேசா ஒரு இனிப்பு."

"என்னம்மா, கடைக்கு மார்க் போடறியா?" என்றாள் மகள்.

நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்.