பீங்கானில் ஏழு பொட்டு

நான் எதையும் இரண்டு தரம் எண்ணுகிறவன். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் எங்கள் வீட்டுப் படிகளை இன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன். அந்தக் காலையில் மட்டும் ஒரு தரத்தோடு வாயைத் திறந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரில் வானொலித் தொழில்நுட்பம் படித்த நான் பலேர்மோவில் ஒரு இஞ்சினியரின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு தெரியவந்த பிறகு, அளவெடுக்கும் நாட்களில் எண்களை எழுத என்னையும் கூட்டிப்போவார். நகருக்கு வெளியே ஒரு பழைய மத்திய அலை வானொலி நிலையம். அதன் அன்டெனா டிஜிட்டல் ஒலிபரப்புக்கு உதவுமா என்று சோதிக்க வேண்டும். பேச்சும் பாட்டும் போகிறவரை அன்டெனாவின் சின்னக் கோணல் யார் காதிலும் விழாது. டிஜிட்டலுக்கோ, நிலையத்தின் அலைவரிசைக்கு மேலேயும் கீழேயும் அது ஒரே மாதிரி நடக்க வேண்டும், சமமாய் நிற்கிற தராசைப் போல.

நிலையத்தைத் துப்புரவாக்கியவள் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். அந்த வேலைக் கடதாசியைக் காட்டித்தான் அவள் பெர்மேசோவை, இத்தாலியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அன்று மின்சாரத்தை நிறுத்தியதும், கோபுரத்தின் அடியிலுள்ள கொட்டிலை முதலில் அவள்தான் கூட்டினாள்.

பிறகு நாங்கள் அளந்தோம். அலைவரிசைக்குக் கீழே சரி. மேலே கோணல். இஞ்சினியர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் கொட்டிலுக்குள் கம்பிச் சுருளைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான்களைக் கண்டேன். ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். ஏழு பொட்டு. அன்று சரஸ்வதி பூசை.

"இதுதான் காரணம். ஈரத்தில் மின்சாரம் கசிகிறது. அந்தப் பெண் வைத்தது" என்றேன்.

வாசலில் நின்ற அவளுக்கு இத்தாலியன் நன்றாக விளங்கும்.

"ஆயுதத்துக்கு வைக்கிறதுதானே, அண்ணை?" என்றாள். "இஞ்சை இதைவிடப் பெரிய ஆயுதம் எது?"

இஞ்சினியர் அவளை வெளியே போகச் சொன்னார். நான் கைலேஞ்சியில் ஸ்பிரிட் ஊற்றி ஏழையும் துடைத்தேன். மறுபடி அளந்தோம். அதே கோணல். அன்டெனாவே அப்படித்தான்.

"அவளில் பிழை இல்லை" என்றேன் அவரிடம்.

"இருக்கட்டும். இந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுத்திருந்தால் பொறி பறந்திருக்கும். தொடக்கூடாத இடம் இது" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பின்னேரமே அவளுடைய கொம்பனிக்குத் தொலைபேசினார். வேலை போயிற்று.

சில வாரம் கழித்துப் பேருந்தில் அவளைக் கண்டேன். வியா மக்வேதா தெருப் பக்கம் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலையாம். அந்தச் சிஞ்ஞோரா வேலைக் கடதாசி எழுதித் தரமாட்டாவாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வடிவாத் துடைச்சியளோ, அண்ணை? துடைக்கிறது என்ரை வேலை எண்டெல்லோ நான் நினைச்சன்."

"தங்கச்சி, துடைச்சும் கோணல் போகேல்லை."

"அது எப்ப தெரிஞ்சது?"

"ரெண்டாந்தரம் அளந்தாப்பிறகு."

"அப்ப ரெண்டாந்தரம் அளந்துபோட்டுக் கதைச்சிருக்கலாமே."

"ஓம்" என்றேன். அவள் தன் நிறுத்தத்தில் இறங்கினாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டு வந்தவன், அதைத் தவறவிட்டேன்.