பெரியவருக்கு எத்தனை கரண்ட் தாங்கும்?

இந்த வலைப்பூவில் நான் வழக்கமாகக் கோட்டை, அருவி, கடற்கரை என்றுதான் எழுதுவேன். போன வாரம் ஒரு வாசகர் கேட்டது வேறு மாதிரி. மலையடிவாரத்தில் நிலம் வாங்கியிருக்கிறாராம், யானை வருகிறதாம். மின்வேலிக்குப் பெட்டி வாங்கத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு எப்படிப் போவது என்கிறார். நான் அங்கே போனது ஒரே தடவை, தொண்ணூறுகளின் நடுவில், காலாண்டுத் தேர்வு விடுமுறையில். வழியைச் சொல்கிறேன். நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வழியால் பிரயோஜனமில்லை.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். வீடு செம்பாக்கத்தில். என் அக்கா சத்தியமங்கலத்துக்கு மேலே, மலையில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். “எங்க ஊர் மாதப்பன் வர்றாருடி. ராகி போட்டிருக்கார், வேலிக்குக் கரண்ட் பெட்டி வேணுமாம். நீதான் கரண்ட் பாடம் எடுக்கிறவளாச்சே, கூடப் போயிட்டு வா” என்று எஸ்.டி.டி.யில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். காட்டுப் பன்றிக்காக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். யானை என்றால் எங்களுக்கு வண்டலூரோடு சரி.

எனக்கு இயல்பிலேயே சந்தேகப் புத்தி. காய்கறி வாங்கினால் தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் சேலத்து பஸ்ஸிலிருந்து இறங்கிய மாதப்பனைப் பார்த்ததும், இந்த ஆள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை.

தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயிலில் கால் மணி நேரம். அப்போது மீட்டர் கேஜ். உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் கேட்டார்.

“டீச்சரம்மா, பெரியவருக்கு எத்தன கரண்ட் தாங்குமுங்க?”

“எந்தப் பெரியவர்?”

“எங்க தோட்டத்துக்கு வர்றவருதானுங்க. இருட்டுனா வந்துர்றாரு. போன வருசம் பாதி வெள்ளாமைய அழிச்சுப்போட்டாரு. பட்டாசு போட்டாச்சு, பந்தம் புடிச்சாச்சு. மனுசரு அசையறதில்லீங்க.”

செம்பாக்கத்தில் ஏரிப் பக்கத்து வயல்களெல்லாம் பிளாட் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பி அரிவாளைத் தூக்கிய வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. சொத்தில் பங்கு கேட்கிற சித்தப்பனையோ, பெற்ற தகப்பனையோ இந்த ஆள் கரண்ட் வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார், அதற்கு டீச்சர் துணை வேறு என்று முடிவே கட்டிவிட்டேன். பல்லாவரத்தில் இறங்கியதும் போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து குன்றத்தூர் பஸ். பம்மலில் தோல் பதனிடும் நாற்றம் வரும், கைக்குட்டை எடுத்துப் போங்கள். அனகாபுத்தூர் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. “அந்தப் பெரியவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டேவிட்டேன்.

மாதப்பன் திகைத்துப் போனார். “உறவுங்களா? அவரு சாமியில்லீங்களா! பேரச் சொல்லிக் கூப்புட்டா வந்து நிப்பாருன்னு எங்க பக்கம் பேரு சொல்றதில்லீங்க.” அப்புறம் இரண்டு கைகளையும் வாயோரம் வைத்து, முன்னால் நீட்டி வளைத்துக் காட்டினார். யானை. அதுவும் கொம்பன். குன்றத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோவில் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் எண்ணெய்க் கையோடு வந்து பெட்டியை ஓட்டிக் காட்டினார். நொடிக்கு ஒரு தரம் டிக் என்று சின்னதாக ஓர் அதிர்ச்சி, அவ்வளவுதான். இரண்டு டிக்குக்கு நடுவில் கம்பியில் கரண்ட் கிடையாது. தொட்ட மிருகம் பயந்து பின்வாங்குவது அந்த இடைவெளியில்தான். பாட நோட்டில் எழுதிக்கொள்ளலாம் போல நல்ல பெட்டி.

“இன்னா அண்ணா, வர்றது கொம்பனா மோழையா?” என்று கேட்டார் பட்டறைக்காரர்.

எனக்கு மறுபடி சுருக்கென்றது. கொம்பில்லாத ஆண் யானைக்கு மோழை என்று பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

கொம்பன் என்று மாதப்பன் சொன்னதும் அவர் குரல் தணிந்தது. “அப்ப இந்த டிக் டிக்லாம் வேஸ்ட்டு. கொம்புல கரண்ட் ஏறாது, கம்பிய அத்துப் போட்டுட்டுப் பூடும். நம்ம கைல இன்னொண்ணு கீது. நிக்காம வரும். ஒரு தபா தொட்டா மேட்டர் ஓவர். அப்பால மத்தத பாத்துக்க ஆளு கீறாங்கோ. உனுக்கு ராகிய விட ஜாஸ்தியாவே கெடைக்கும்.”

“மத்ததுன்னா?” என்றேன்.

“இன்னாக்கா, டீச்சர்னு சொல்லிகினு இதக்கூட கேக்குறியே!”

அலமாரியிலிருந்து அதை இறக்கி ஓட்டினார். ஹம்மென்று ஒரே சத்தம். மாதப்பன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பாதி வெள்ளாமை போனவர், விலை யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து போய் ஹம்மென்ற பெட்டியருகே காதை வைத்தார். பிறகு டிக் டிக் பெட்டியருகே வைத்தார்.

“இதக் குடுங்க. நடுவுல பெரியவரு மூச்சு வுடோணுமில்லீங்க” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கண் சும்மா இருக்குமா? அலமாரியில் எங்கும் தூசு. ஹம் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு சதுரம், தூசு படியாமல் காலியாக இருந்தது. அது யாரிடம் போனது என்று கேட்டேன்.

“எவன் எவனோ வாங்கினு போறான். நான் இன்னா பேரா கேட்டுகினு இருப்பேன்?”

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாதப்பனை பஸ் ஏற்றிவிட்டுத்தான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவள் மறுநாள் வனத்துறையில் சொன்னாள். ஆள் வந்து பட்டறையைப் பார்த்தபோது டிக் டிக் பெட்டிகள் மட்டுமே இருந்தனவாம்.

பட்டறைக்காரர் சொன்னதில் ஒன்று நிஜம். பெரியவர் இரண்டு தடவை கொம்பால் கம்பியை அறுத்தார். மாதப்பன் இரண்டு தடவையும் கட்டினார். அந்த வருஷம் ராகி பெரும்பாலும் வீடு வந்தது, எனக்குக்கூட ஒரு பை வந்தது.

பொங்கலுக்கு முன்னால் அக்கா கூப்பிட்டாள். “பெரியவர் போயிட்டாருடி.”

எந்தப் பெரியவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே, ஆண்டவரே, யாராவது மனுஷக் கிழவராக இருக்கட்டும் என்று வேண்டினேன். எவ்வளவு பெரிய பாவம் பாருங்கள், ஆனால் அப்படித்தான் வேண்டினேன். மாதப்பன் நிலத்துக்கு மூன்று தோட்டம் தள்ளி, குட்டைக்குப் போகிற தடத்தில் கரண்ட் பட்டுக் கிடந்தாராம். முகத்தில் கொம்பு இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் போனது மாதப்பன் வீட்டுக்குத்தான், திருமுடிவாக்கத்தில் பெட்டி வாங்கியவர் ஆயிற்றே. பெட்டியை ஓட்டச் சொல்லிக் கேட்டார்கள். அது டிக் டிக் என்றது. விட்டுவிட்டார்கள். ஹம் பெட்டி வாங்கிய மற்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஊரிலிருந்து யார் வந்தாலும், பாவம், நான் ஒரு மாதிரிதான் பார்க்கிறேன்.

சரி, வாசகருக்கு. தாம்பரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அதே ரயில், அதே குன்றத்தூர் பஸ்தான் இன்றைக்கும் சுலபம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பட்டறைகள் மூடியிருக்கும். வாங்கும் முன் பெட்டியருகே காதை வையுங்கள், விட்டு விட்டுக் கேட்க வேண்டும். கூடவே அலமாரியையும் ஒரு பார்வை பாருங்கள். தூசு படியாத சதுரம் ஏதாவது காலியாக இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடாதீர்கள். அங்கேயே நின்று வனத்துறைக்கு ஃபோன் போடுங்கள். நான் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன்.