பங்கோருக்குத் தெற்கே பன்னிரண்டு நாள், பலகையில் மூன்றெழுத்து

ஒன்பது தீவுக்குப் படகில் போய்த் தங்குவது எப்படி என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். புலாவ் செம்பிலானைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். நான் போனது 1982 பிப்ரவரியில். விலையெல்லாம் ஏறிவிட்டது, கடல் அதே கடல்தான். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது நான் ஈப்போ சிலிபினில் ஒரு பட்டறையில் டீசல் மெக்கானிக். எங்கள் வாடிக்கையாளரான ஒரு சீனத் தவ்கேயிடம், அதாவது முதலாளியிடம், முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகு இருந்தது. சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு பன்னிரண்டு நாள் தீவுகளைச் சுற்றி முக்குளிக்க வேண்டும் என்றார். இன்ஜின் பார்க்க நான், கூடவே முக்குளிக்க சேகர். சேகரும் நானும் தாப்பா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் லூமுட்டில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் வேலையில் இருந்து முக்குளிக்கக் கற்றுக்கொண்டவன். மே மாதம் என் தங்கை சரோஜாவை அவனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம்.

ஈப்போ பேருந்து நிலையத்துக்குச் சரோஜா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். "நீங்க எப்படி வேணா வாங்க அண்ணே. அவர மட்டும் பத்திரமா பாத்துக்குங்க" என்றாள்.

"நான் இருக்கேன்லா" என்றேன்.

காலை ஏழு மணி பேருந்து, மூன்று வெள்ளி ஐம்பது காசு. லூமுட் எண்பத்து நான்கு கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம் பிடித்தது. சேகர் படகுத்துறையில் காத்திருந்தான். முதல் இரவு பங்கோர் தீவில். மறுநாள் தெற்கே பத்து கடல் மைல், பாயில் இரண்டரை மணி நேரத்தில் தீவுகள் வந்துவிட்டன. பாறையும் காடும்தான். கடையில்லை, ஆளில்லை, குடிநீரும் இல்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை பங்கோருக்கே திரும்பி நீர் நிரப்பினோம்.

முக்குளிப்பு எனக்கு ஒத்துவராது. கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்த்தேன், அதுவே போதும். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எஸ்டேட் ஆற்றில் கெண்டை பிடித்தவனுக்கு இது வேறு உலகம். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

படகின் ஏணியருகே ஒரு கரும்பலகை. யார் எந்த வேலையை முடித்தாலும் அதில் மலாயில் எழுத வேண்டும், அது தவ்கேயின் சட்டம். குடிநீரும் என் பொறுப்பு, சிலிண்டருக்குக் காற்று அடைப்பதும் என் பொறுப்பு. பங்கோரில் நீர் நிரப்பி வந்த ஆறாம் நாள் காலை, பலகையில் 'ஆயேர் பெனோ' என்று எழுதினேன். நீர் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றடைக்கும் இயந்திரத்தைத் தேநீருக்குப் பிறகு ஓட்டலாம் என்றிருந்தேன்.

எழுதியது ஏ, ஐ, ஆர். மலாயில் அது ஆயேர், தண்ணீர். அதே மூன்றெழுத்தை ஆங்கிலத்தில் படித்தால் ஏர், காற்று. எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

நங்கூரம் பவளப்பாறையில் சிக்கியிருந்தது. தவ்கே சின்னத் தோணியில் தூண்டில் போடப் போயிருந்தார். சேகர் எழுந்தான், பலகையைப் பார்த்தான், முந்தின நாள் பயன்படுத்திய சிலிண்டரையே முதுகில் கட்டினான். அவனுடைய பழைய கருவியில் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது.

"எடுத்து விட்டுட்டு வாரேன் மச்சான்" என்று இறங்கினான்.

ஆழம் பதினான்கு மீட்டர். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே குமிழிகளைப் பார்த்தேன். நின்றுவிட்டன. பலகையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு அது ஆங்கிலத்தில் தெரிந்தது. சரோஜாவிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றே மண்டையில் சுற்றியது. கத்தியைப் போட்டுவிட்டுக் குதித்தேன். குதித்து என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

சேகர் கெட்டிக்காரன். எடைக்குக் கட்டிய ஈய பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே ஏறி வந்துவிட்டான். ஏணியைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"எந்த ஏர்டா மச்சான்?" என்றான்.

தவ்கே திரும்பி வந்து, சிலிண்டரைத் தட்டிப் பார்க்காமல் இறங்கினாயா என்று சேகரைத்தான் திட்டினார். பலகை அழிக்கிற துணி என் கையிலேயே இருந்தது. அழித்திருக்கலாம். அழிக்கவில்லை, எழுதியது நான்தான் என்று சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் இன்றும் நெஞ்சு நிமிர்ந்து நிற்பேன்.

சேகர் பலகையைத் துடைத்து, தண்ணீரையும் காற்றையும் மட்டும் தமிழாக்கி எழுதினான்: தண்ணி பெனோ, காத்து காலி. தவ்கே இரண்டு சொல்லையும் ஒரு நாளில் கற்றுக்கொண்டார். மிச்ச ஆறு நாளும் காலையில் அவர் கேட்ட முதல் கேள்வி "காத்து?" என்பதுதான்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிநீர் எடுங்கள். தனியாக முக்குளிக்காதீர்கள். பலகை வைத்தால் எந்த மொழி என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

மே மாதக் கல்யாணத்துக்குத் தவ்கே வந்தார். மணவறை முன் நின்று, "சேகர், தண்ணி பெனோ, காத்து பெனோ" என்று சத்தமாக வாழ்த்தினார். தண்ணி என்றதும் மண்டபமே சிரித்தது. "என்னண்ணே இது?" என்று சரோஜா என்னைக் கேட்டாள். "படகுப் பேச்சுலா" என்றேன். சேகர் தலையைக் குனிந்துகொண்டான், இதுநாள்வரை அவனும் சொல்லவில்லை.

சரோஜா, என் பதிவுகளை விடாமல் படிக்கிறவள் நீதான். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் இதுதான், தங்கச்சி. அவனைப் பத்திரமாகக் கூட்டிவந்தது நானில்லை. அவனேதான் வந்தான்.