ஒரு இலக்கம், இரண்டு வண்டி

வாகன இலக்கத் தகடு எழுதுகிறவனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும். வண்டிகளின் பின்பக்கம் மறக்காது. கிளிநொச்சியில் வாகனம் பதிகிற மோட்டார் கந்தோருக்கு எதிரே ஒரு தகரக் கொட்டில் என்னுடையது. தகடு எழுதுவேன். உரிமை மாற்ற வருகிறவர்களுக்கு, வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் சேசிஸ் இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொடுப்பேன். அந்தக் கந்தோர் வாசலில் ஒரு கையெழுத்துக்காகக் கால்கடுக்க நின்று, நாளைக்கு வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்பர்களே, நீங்கள் என் சொந்தக்காரர். உங்களுக்குத்தான் இதைச் சொல்லலாம்.

தாருக்குக் கீழே

முல்லைத்தீவுப் பக்கத்து ஹாஜியார் ஒருவர், புத்தளத்தில் நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பியவர், தன் வாப்பாவின் பழைய காரைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார். புதுத்தகடு எழுதப் பழைய இலக்கம் வேண்டுமே என்று தகட்டைச் சுரண்டினேன். மேலே இருந்தது சண்டைக் காலத்தில் வன்னிக்குள்ளேயே இயக்கம் கொடுத்த இலக்கம். அதைச் சுரண்ட, கட்டித் தார். தாரைச் சுரண்ட, சிங்களச் சிறி எழுத்து. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஸ் எழுத்து, பிறகு எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட இந்தச் சிறி, அதற்கு எதிராக எங்கள் ஆட்கள் பூசிய தார், பிறகு இயக்க இலக்கம், இப்போது மறுபடியும் இங்கிலீஸ் எழுத்து. எங்கள் நாட்டுச் சரித்திரத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை, ஒரு சுரண்டி போதும்.

ஹாஜியாருக்கு என் சரித்திரத்தில் அக்கறையில்லை. கதவைத் திறந்து பின்சீற்றைக் காட்டினார். கார் முழுவதும் விரல் புதையத் தூசி. இடப்பக்க மூலையில் மட்டும் தூசியே இல்லை. ஓர் ஆள் இருந்த அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சண்டை முடிந்ததிலிருந்து பூட்டிய கொட்டிலுக்குள் கிடந்த கார் அது. ஹாஜியார் சத்தமில்லாமல் சொன்னார்: "தம்பி, நாங்க இல்லாத காலத்தில இது ஆரையோ ஏத்தியிருக்கு. அவர் இப்பதான் எழும்பிப் போயிருக்கார் போல."

வலையில் வந்தது

கொக்கிளாய்க் களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிற ஒருவர் தகடு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வண்டியில்லை, தகடு மட்டும். இறால் வலையில் வந்ததாம். உடையவர் யார் என்று கந்தோரில் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். உப்புத்தண்ணீர் எழுத்தையெல்லாம் தின்றிருந்தது, ஓர் ஏழு மட்டும் மிச்சம். இதை வைத்து ஒருவரையும் பிடிக்க முடியாது, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள் என்றேன். அவர் போகாமல் நின்றார்.

"போட்டனான் அண்ணை. அடுத்த நாளும் என்ர வலைக்குள்ளதான் வந்தது."

பரந்தன் சந்தி

சிவமலர் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவர். கணவர் தவராசா கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். பிரிந்தது சாதாரணமாகத்தான். ஊரே இடம்பெயர்ந்து போகையில், நீ பிள்ளையோடு முன்னுக்குப் போ, நான் வீட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன் என்று திரும்பிப் போனாராம். வரவில்லை. சண்டை முடிந்த பிறகு, கடற்கரைப் பக்கம் குவிந்து கிடந்த வண்டிகளுக்குள் அவரவர் வண்டியைத் தேட ஆமி ஆட்களை உள்ளே விட்டது. தவராசாவின் இலக்கத் தகட்டோடு, அதே மாதிரியான வண்டி ஒன்று அங்கே கிடக்க, சிவமலர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வண்டி கடற்கரைவரை வந்திருந்தால் ஆளும் வந்திருக்க வேண்டும், வந்தவர் எங்கேயோ இருக்க வேண்டும் என்று சிவமலர் முடிவுகட்டினார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களை வாசற்படி ஏறவிடவில்லை.

இப்போது மகள் அபிநயா பரந்தனில் வேலை செய்கிறாள். அந்த வண்டியை அவள் பேருக்கு மாற்றப் போனால், கந்தோரில் அதே சான்றிதழைக் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா என்று தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள். எதற்கும் சேசிஸ் இலக்கத்தைப் பார்ப்போம் என்று தேய்த்தேன். பதிவுப் புத்தகத்தில் இருந்தது வேறு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புதுத்தாளில் மறுபடி எடுத்தேன். மாற்றமில்லை. தகடு தவராசாவுடையது, வண்டி வேறு யாருடையதோ. அதைச் சொன்னேன். மகள்தான் பதில் சொன்னாள்.

"மாமா, பரந்தன் சந்தியில இதின்ர ஹாண்டில் தன்பாட்டில முல்லைத்தீவு றோட்டுக்கு இழுக்கிறது. மெக்கானிக் ஒரு பிழையும் இல்லை எண்டவர். அது தன்ர வீட்டுக்குப் போகப் பாத்திருக்கு."

கம்பி முறுக்கின கை

மாரி முடிந்த பிறகு சிவமலர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வளவில் கக்கூசுக் குழி வெட்டியபோது, பொலித்தீனில் சுற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று வெளிப்பட்டிருந்தது. தாளோடும் பென்சிலோடும் போனேன். குழி விளிம்பில் குந்தியிருந்து தேய்க்க, இலக்கம் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. புத்தகத்தில் உள்ளதேதான். முன்னும் பின்னும் தகடு இல்லை.

அந்த நாளில் பெற்றோல் இல்லாத வண்டியை வளவுக்குள் புதைத்துவிட்டு, திரும்பி வந்து உரிமை கேட்கத் தகட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோவார்கள். தவராசாவும் அப்படித்தான் நடந்து போயிருக்கிறார். அப்படியானால் அந்தத் தகட்டை மற்ற வண்டியில் கட்டியது யார்? அவர் கையிலிருந்து யாரோ எடுத்தார்களா, எந்த நிலையில் எடுத்தார்கள்? சிவமலரும் அதையேதான் கேட்டார்.

குசினிப் பக்கம் நின்ற மற்ற வண்டியிடம் போனேன். அதில் தகடு ஆணியால் பூட்டப்படவில்லை, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எத்தனையோ கம்பிகளை அவிழ்த்த கை இது. சாதாரணமாக எல்லோரும் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கமாக அது முறுக்கியிருந்தது. தவராசா இடக்கையரா என்று கேட்டேன். சிவமலர் தலையாட்டினார். ஆக, யாரோ விட்டுப்போன வண்டியில் தன் தகட்டைக் கட்டி, அவரேதான் கடற்கரைவரை ஓடி வந்திருக்கிறார். உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறார் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். அது ஆறுதல் இல்லை என்பது சிவமலர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நம்பரைக் கண்டால் கூப்பிடுவம் எண்டுதான் கட்டியிருக்கிறார், அண்ணை. நாங்களும் அந்தக் கரையிலதான், பங்கருக்குள்ள கிடந்தனாங்கள்."

வெறுந்தகடு

கொஞ்ச நாள் கழித்து சிவமலர் கொட்டிலுக்கு வந்தார். தவராசாவின் தகட்டை, குழியிலிருந்து எடுத்த அவருடைய வண்டிக்கே மாற்றிவிட்டாராம். அது ஓடாது. அவர் பேரிலேயே கிடக்கட்டும், சான்றிதழ் எடுக்கப் போவதில்லை, மகள் பஸ்ஸில் போவாள் என்றார். கடற்கரையில் எடுத்த வண்டியின் சேசிஸ் இலக்கத்தை நான் கந்தோரில் காட்டிக் கேட்டிருந்தேன். அது யாருடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமே என்றேன். சிவமலருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதின்ர ஆளையும் ஒரு வீடு தேடிக்கொண்டுதான் இருக்கும். மொட்டையா நிக்க விடேலாது அண்ணை. நம்பர் தெரியாட்டி, வெறுந்தகடெண்டாலும் செய்து தாங்கோ."

செய்து கொடுத்தேன். வண்டி இப்போது அவர் வீட்டு வாசல் படலையடியில் றோட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த வழியால் போகிற சிலர், பட்டப்பகலில், சைக்கிளை விட்டு இறங்கி, ஒன்றும் எழுதாத அந்தத் தகட்டை நெடுநேரம் வாசித்துவிட்டுப் போகிறார்களாம். என் தொழிலில், எழுத்துப் பிழை என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவராத தகடு அது ஒன்றுதான்.