வெள்ளரி மணக்கும் மீன்

மருமகள் குசினியில் வெள்ளரிக்காய் நறுக்கினால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். "மாமா, இது சாலட்தான், பாம்பில்லை" என்கிறாள். இன்று பதினேழு துண்டுகள். எண்ணுவது தொழிலாக இருந்து வியாதியாகிவிட்டது.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில், யாழ்ப்பாணத்தில் படித்த விலங்கியலுக்குக் கிடைத்த வேலை ஆற்றில் மீன் எண்ணுவது. கிரேலிங் என்றொரு மீன், வெள்ளி நிறம். கையில் எடுத்தால் அப்படியே பச்சை வெள்ளரிக்காய் மணக்கும். ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். இலையுதிர் காலத்தில் ஆறு சற்றுப் பெருகினால்தான் முட்டையிடும். குஞ்சுகள் கடலுக்குப் போய் வசந்தத்தில் ஆறேறி வரும். தொடர்ந்து இரண்டு வருடம் தண்ணீர் வராவிட்டால்? அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே என் நித்திரை போனது.

கூட வேலை செய்தவர் நாகர்கோவில்காரர் முருகேசன். மழை பொய்த்த இரண்டாவது வருடம் அது. அணையிலும் தண்ணீர் திறக்கவில்லை. காலை முழுக்க வெறும் வலை. சாப்பிட்டுவிட்டு, மீனின் வழுவழுப்பு அழியக் கூடாதென்று வழக்கம்போலக் கைகளை நனைத்துக்கொண்டு மறுபடி இழுத்தோம்.

"அண்ணே! மணக்குது! மாட்டிக்கிச்சுண்ணே!"

முழங்கால் தண்ணீரில் நின்று வலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்தோம். ஒரு விலாங்குதான் இருந்தது. முருகேசன் என் கையை இழுத்து முகர்ந்தார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"பாணும் வெள்ளரிக்காயும்."

"ஏண்ணே, இந்த ஊர்ல உங்களுக்கு வேற காயே கிடைக்கலியா?"

சிரித்தோம். சிரித்து முடித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்னேரம் ஒரே ஒரு பெண் மீன் வந்தது. வயிறு தளர்ந்திருந்தது; வெள்ளத்துக்குக் காத்திருந்த முட்டைகளை உடம்பே கரைத்துக்கொண்டிருந்தது. மெல்ல விட்டோம். அடுத்த வசந்தத்தில் அங்கே ஒரு குஞ்சும் ஏறவில்லை.

பிறகு மழை வந்தது. வேறு ஆறுகளில் பிறந்தவை கடல்வழியாக இங்கே ஏறக்கூடும் என்பதுதான் மிஞ்சிய நம்பிக்கை. நான் ஓய்வுபெற்றேன், முருகேசன் இன்னும் போகிறார். இப்போது அங்கே வலை இல்லை, எண்ணிக்கை இல்லை. ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், மீன் உதிர்த்த மரபணுத் துணுக்குகளை வைத்துச் சொல்லிவிடுகிறார்களாம். போன கிழமை போன் எடுத்தேன்.

"கிரேலிங் உண்டுன்னு ரிசல்ட் வந்துடுச்சு அண்ணே."

"எத்தனையாம்?"

"அதெல்லாம் சொல்லாதுண்ணே. உண்டா இல்லியா, அவ்வளவுதான்."

நல்ல சங்கதி என்று சொல்லித்தான் வைத்தேன். ஒரு மீனையும் நோகடிக்காமல் அறிந்துவிடுகிறார்கள். ஆனால், ஒற்றை மீன் மிஞ்சியிருந்தாலும் அந்தப் போத்தல் இதையேதானே சொல்லியிருக்கும்?